சேலத்து வெயிலுக்கு ஆகாத முயல்

அங்கோரா முயல் வளர்த்தால் மனசுக்கு அமைதி கிடைக்கும் என்று ஒரு வாரப் பத்திரிகையில் யாரோ எழுதியிருந்தார்கள். எழுதியவர் ஒரு முயலையாவது மடியில் வைத்துச் சிக்கெடுத்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். ஏற்காட்டில் நான் எட்டு வருஷம் வளர்த்தேன், எண்பதுகளில். அமைதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வளர்த்தது செத்தது, பிறருக்குக் கொடுத்ததும் செத்தது. கடைசியில் எனக்குச் சொந்தமே இல்லாத ஒன்றை நானே சாகடித்தேன். அந்த ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

அப்போது நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வீட்டுக்காரர் காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர். எஸ்டேட் கொடுத்த குவார்ட்டர்ஸில் இருந்தோம். பின்பக்கம் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை சும்மா கிடந்தது. பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்த்த சிஸ்டர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது, கூண்டோடு ஒரு ஜோடி அங்கோராவை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அங்கோராவைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அது முயல் மாதிரியே இருக்காது. வெள்ளைப் பஞ்சு மூட்டைக்கு இரண்டு காது வைத்த மாதிரி இருக்கும். மாசத்துக்கு ஓர் அங்குலம் முடி வளரும். மூன்று மாசத்துக்கு ஒருமுறை ஒட்டக் கத்தரித்துவிட வேண்டும். அந்த முடியை நூற்று ஸ்வெட்டர் பின்னலாம், தொப்பி பின்னலாம், அதெல்லாம் அப்புறம். கத்தரிக்காமல் விட்டால் உதிர்கிற முடியை அது நக்கி நக்கி விழுங்கும். பூனை மாதிரி கக்கத் தெரியாது அதற்கு. விழுங்கியதெல்லாம் வயிற்றில் மாவு உருண்டை மாதிரி அடைத்துக்கொள்ளும். அப்புறம் இரை எடுக்காது, நாலைந்து நாளில் போய்விடும். முயல் வைத்திருந்த எங்கள் எல்லோருக்கும் இது மனப்பாடம். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது.

எல்லோருக்கும் என்றால் ஏழெட்டு வீடு. எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது: முயலை விற்கக் கூடாது. கேட்டால் கொடுக்க வேண்டும். வாங்கியவர் தன் முதல் ஈற்றில் ஒரு குட்டியைக் கொடுத்தவருக்குத் திருப்பித் தர வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். எனக்குத் திரும்பி வந்த குட்டிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கரடியூரில் ஒரு வீட்டுக்குக் கொடுத்த ஜோடியை மரநாய் தின்றுவிட்டது. வாழவந்தியில் ஒருத்தர் பெட்டை முயலைக் கேட்டு வாங்கிப் போய், பத்தாம் நாள் என்னைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்து, "கறி கொஞ்சம் நார் நாரா இருந்துச்சுங்க டீச்சர், வெந்தாச் சரியாயிருச்சுங்க" என்று நன்றியோடு சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் பஸ்ஸைக்கூடத் தவறவிட்டேன். என் தம்பி ஒரு ஜோடியைச் சேலத்துக்குக் கொண்டுபோனான். கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து அடிவாரம் வந்து சேர்வதற்குள் ஆண் முயல் வாயைத் திறந்துகொண்டு மூச்சு வாங்கிச் செத்தது. மற்றது மறுநாள் மத்தியானம். மலைக்குளிருக்கு வளர்ந்த உடம்பு, சேலத்து வெயில் அதற்கு ஆகாது. அதற்கப்புறம் கீழே இறங்குகிற யாருக்கும் நான் முயல் கொடுக்கவில்லை.

ஒழுங்காக வளர்த்தவள் ஒருத்திதான். கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருந்த பாயின் மனைவி. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். கல்யாணமாகிச் சேலத்திலிருந்து மேலே வந்தவள், வந்த புதிதில் குளிரில் அழுதாளாம். கடைக்குப் பின்னாலேயே வீடு. ஒருநாள் நான் சாமான் வாங்கப் போனபோது, என் ஸ்வெட்டரில் ஒட்டியிருந்த முடியைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க டீச்சரக்கா, இது என்னங்க, பஞ்சுங்களா?" என்று கேட்டாள். அப்படித்தான் ஆரம்பித்தது. சினையாக இருந்த ஒரு பெட்டையைக் கொடுத்தேன். அது ஐந்து குட்டி போட்டுவிட்டுச் செத்தது. நாலு குட்டியும் பின்னாலேயே போயின. மிஞ்சிய ஒன்றை அவள் பேனாவுக்கு இங்க் ஊற்றும் ஃபில்லரில் ஆட்டுப்பால் ஊற்றி, இடுப்பில் சொருகிய துணிக்குள் வைத்துக்கொண்டே சமையல் செய்து பிழைக்க வைத்தாள். அதுவும் பெட்டைதான்.

அந்த முயல் மாதிரி ஒரு முயலை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும், எங்கேயும் சிக்கு கிடையாது. நாங்கள் சீப்பு வைத்து வாரி முயலையும் நோகடித்து எங்களையும் நோகடித்துக்கொண்டிருந்தபோது, அவள் அடுப்பு ஊதுகிற ஊதாங்குழலை எடுத்து முயலின் முடியை ஊதுவாள். ஊதினால் முடி இரண்டாகப் பிரிந்து தோல் வரைக்கும் தெரியும். உதிர்ந்த முடியெல்லாம் பறந்துபோகும். அந்த யோசனை ஏன் என் மண்டைக்கு எட்டவில்லை என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். மே மாசம் கோடை விழா நடக்கும்போது, மலர்க் கண்காட்சிக்குப் பக்கத்தில் ஷாமியானா போட்டு வளர்ப்புப் பிராணிகளையும் காட்சிக்கு வைப்பார்கள். முயலுக்குத் தனி மேசை. மூன்று வருஷம் தொடர்ந்து அவள் முயல் முதல் பரிசு, என் முயல் இரண்டாம் பரிசு. ஒவ்வொரு தடவையும் நான் சிரித்துக்கொண்டே கை தட்டினேன். உள்ளே வயிறு எரிந்தது. டீச்சர் நான், எனக்கு முயல் கொடுத்த சிஸ்டர் எழுதி வைத்த குறிப்பு நோட்டு என்னிடம்தான் இருந்தது. அவளோ என்னிடமிருந்து வாங்கியவள். இப்படியெல்லாம் நினைத்தேன். வெட்கக்கேடுதான், ஆனால் நினைத்தேன்.

நாலாம் வருஷம் ஜனவரியில் பாய் கடையைக் கைமாற்றிவிட்டுச் சேலத்துக்கே போவதென்று முடிவானது. அவருடைய அப்பா படுத்துவிட்டார். அண்ணன் தம்பி ஐந்து பேரும் ஒரே வீட்டில், ஒரே கடையில் என்று ஏற்பாடு. அவள் முயலை ஒரு கூடையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். முந்தின நாள்தான் முடி கத்தரித்திருந்தாள். முயல் இளைத்த பூனை மாதிரி இருந்தது.

"கீழ கொண்டு போனா இது பொழைக்காதுங்கக்கா. நீங்க வெச்சுக்குங்க. நான் மாசம் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போறனுங்க."

"பன்னெண்டு பேருக்குச் சோறாக்கற ஊட்டுல இருந்து உன்னைய மாசாமாசம் யாரு புள்ள மேல அனுப்புவா?" என்றேன்.

"அதுக்குத்தானுங்கக்கா இது இங்க இருக்கோணும்" என்றாள். மாமியாரிடம் கேட்டுவிட்டாளாம். வாயில்லா ஜீவனை வளர்த்துவிட்டு அம்போ என்று விடக்கூடாது, மாசம் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். பாயும் தலையாட்டியிருக்கிறார். "வேற எதுக்குன்னு கேட்டாலும் சரிப்படாதுங்க. மலை ஏறோணும்னா சும்மா ஏற முடியுங்களா? இது உசுரோட இருக்கற வரைக்கும் நானும் மேல வருவேன். நொம்ப நாள் இருக்கும், இல்லீங்க்கா?"

நன்றாகக் கவனித்தால் ஆறேழு வருஷம் இருக்கும் என்று சொன்னேன். அவள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்துச் சிரித்தாள். போகும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: "மூணு மாசத்துக்கு ஒருக்கா மறக்காம கத்தரிச்சுருங்க்கா. இந்த வருசம் காட்சிக்கெல்லாம் வேண்டாம். உசுரோட இருந்தாப் போதும்."

பிப்ரவரியில் வந்தாள், மார்ச்சில் வந்தாள், ஏப்ரல் முதல் வாரம் வந்தாள். பாய் அவளை என் வாசலில் விட்டுவிட்டுக் கடைவீதிக்குப் போய்விடுவார், பழைய ஆட்களோடு பேசிக்கொண்டிருக்க. அவள் பதினோரு மணியிலிருந்து நாலு மணி பஸ் வரைக்கும் பின்பக்கம் உட்கார்ந்திருப்பாள். முயல் மடியில் கிடக்கும். அதனிடம் பேசுவாள், "என்ற கண்ணு, சாப்புட்டியா சாமி?" என்று. அப்புறம் மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சேலத்தில் எப்படி இருக்கிறது என்று ஒருதரம் கேட்டேன். "நல்லவங்கதானுங்க எல்லாரும். ஆனா தனியா ஒரு நிமிசம் நிக்க எடமில்லீங்கக்கா. இங்க வந்தாத்தான் மூச்சு முழுசா உள்ள போகுது" என்றாள். மாசத்தில் அந்த ஐந்து மணி நேரத்துக்காகத்தான் அவள் மீதி நாளைக் கழிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும்.

ஏப்ரலில் வந்தபோது முடி மூன்று மாசம் வளர்ந்து முழுசாக நின்றது. விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "இந்த வாரமே கத்தரிச்சுருங்க்கா. நானே செஞ்சிருப்பேன், கத்தரி கொண்டாரலீங்க. அடுத்து நோம்பு வந்துருது. பெருநா கழிச்சுத்தான் வர முடியும்" என்றாள். சரி புள்ள, சனிக்கிழமை கத்தரித்துவிடுகிறேன் என்றேன். அப்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

சனிக்கிழமை கத்தரியைச் சாணை பிடித்து வைத்துக்கொண்டு, முயலைத் தூக்கி மேசை மேல் வைத்தேன். சாயங்கால வெயில் அதன் மேல் பட்டது. வீட்டுக்காரர் கணக்கு நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தவர் நின்றுவிட்டார். "அடேங்கப்பா! இதையா வெட்டப் போற? இன்னும் மூணே வாரத்துல விழா. இந்த வருசமாச்சும் கப்பு நம்ம ஊட்டுக்கு வருமில்ல" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். பழியை அவர் மேல் போடுகிற எண்ணம் எனக்கில்லை. அவர் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன். கத்தரி கையில் இருந்தது, கை மேலே போகவில்லை. மூன்று வாரம்தானே, தினமும் இரண்டு வேளை ஊதிவிட்டால் என்ன ஆகிவிடும் என்று மனசு கணக்குப் போட்டது. கத்தரியைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

பத்து நாளில் அவளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. நோன்பு நல்லபடியாகப் போகிறது, இங்கே வெயில் தாங்கவில்லை, முடி கத்தரித்துவிட்டீர்கள் அல்லவா என்று மூன்று வரி. நானும் ஒரு கார்டு எழுதினேன். கத்தரித்தாகிவிட்டது, முயல் நலம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யாமலே செய்துவிட்டேன் என்று சொன்னால் நான் காதைத் திருகுவேன். அந்தக் கார்டை எழுதித் தபால் பெட்டியில் போட்டுவிட்டு அன்றைக்கு வகுப்புக்கும் போனேன்.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வரவேண்டிய பெரிய மனுஷர் யாரோ வர முடியவில்லை என்று ஒரு வாரம் தள்ளி வைத்தார்கள். அப்போதாவது கத்தரித்திருக்கலாம். இவ்வளவு நாள் காத்துவிட்டோம், இன்னும் ஒரு வாரம்தானே என்று விட்டுவிட்டேன். முடி அதற்குள் விரல் நீளத்தையும் தாண்டிவிட்டது. எவ்வளவு ஊதினாலும் வயிற்றுப் பக்கம் சிக்கு விழ ஆரம்பித்தது. அதற்கு வேறு அந்த மே மாசத்துப் புழுக்கம். முயல் சும்மா சும்மா தன்னை நக்கிக்கொண்டே இருந்தது.

காட்சிக்கு முந்தின நாள் காலையில் கூண்டைச் சுத்தம் செய்யப் போனேன். தவிடு வைத்தது வைத்தபடி இருந்தது. அதற்கு உயிரான கல்யாண முருங்கை இலையும் வாடிக் கிடந்தது. கீழே தட்டில் புழுக்கை கொஞ்சமாக, சின்னச் சின்னதாக, முடியில் கோத்த பாசிமணி மாதிரி ஒன்றோடொன்று தொங்கிக்கொண்டு கிடந்தது. என்ன என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அன்றைக்கே கத்தரித்து, அன்னாசிச் சாறு கொடுத்து, வயிற்றைத் தேய்த்து விட்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். ஒருவேளைதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் புழுக்கையை யாரும் பார்க்காமல் செடிக்கடியில் கொட்டிவிட்டு, நாளைக்குச் சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாகக் கத்தரித்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காட்சியில் ஒரு ஃபாரம் நிரப்பச் சொன்னார்கள். உரிமையாளர் பெயர் என்று ஓர் இடம். அவள் பெயரை எழுதியிருக்கலாம், யாரும் தடுக்கவில்லை. என் பெயரைத்தான் எழுதினேன். கீழேயிருந்து வந்திருந்த கால்நடை டாக்டர் நடுவராக இருந்தார். முயல்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, முடியை ஊதி, ஸ்கேல் வைத்து அளந்தார். மற்ற முயல்கள் திமிறின, கீறின, ஒன்று மேசையிலிருந்து குதித்தே விட்டது. இது மட்டும் வைத்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. "எவ்வளவு சாதுவா இருக்குது பாருங்க! நல்லாப் பழக்கியிருக்கீங்க டீச்சர்" என்றார் அவர். அதற்கென்று தனியாக மார்க் போட்டார். சாகப்போகிற முயல் வேறு எப்படி உட்கார்ந்திருக்கும்? அவர் என்ன பண்ணுவார், பாவம், என் சிரித்த முகத்தைத்தானே பார்த்தார். முதல் பரிசு என்று என் பெயரை மைக்கில் சொன்னபோது எனக்கு உச்சி குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து கத்தரியை எடுத்தபோது முயல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. வலி தாங்காத முயல்தான் அப்படிக் கடிக்கும். இந்த நிலைமையில் மேசையில் போட்டுக் கத்தரித்தால் அதிர்ச்சியிலேயே போய்விடும் என்று பயமாகிவிட்டது. விட்டுவிட்டேன். அன்னாசிச் சாற்றை ஃபில்லரில் எடுத்து வாயில் ஊற்றினேன், பாதி வெளியே வழிந்தது. விளக்கெண்ணெய் கொடுத்தேன். வயிற்றைத் தடவினால் உள்ளே உருண்டை கையில் நெருடியது. மறுநாள் விடிந்ததும் மாட்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள கல்லாட்டம் இருக்குதுங்க. வயித்தக் கிழிச்சுத்தான் எடுக்கோணும். அது இங்க ஆகற காரியமில்லீங்க" என்று கையை விரித்தார். சேலத்துக்குக் கொண்டுபோகலாமே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அடிவாரம் வரைக்கும்கூட அது தாங்காது என்று அவருக்கும் தெரியும். சும்மா கேட்க வேண்டுமே என்று கேட்டார்.

அவளுடைய அடுத்த கார்டு அந்த வாரம்தான் வந்தது. பெருநாள் முடிந்துவிட்டது, வியாழக்கிழமை வருகிறேன் என்று. செவ்வாயும் புதனும் நான் ஜெபம் பண்ணாத நேரம் கிடையாது. முயல் பிழைக்க வேண்டும் என்றா, என் குட்டு வெளிப்படக் கூடாது என்றா, எதற்காக ஜெபித்தேன் என்று கர்த்தருக்குத்தான் தெரியும். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு, நான் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, பின்னங்கால் இரண்டையும் நீட்டி ஒரு உதறு உதறியது. அவ்வளவுதான்.

பஸ் வர இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். கத்தரியை எடுத்துக்கொண்டு வந்தேன். முடியை ஒட்ட வெட்டிவிட்டால், சொன்னபடி கத்தரித்தேன், வேறு ஏதோ நோவில் போய்விட்டது என்று சொல்லிவிடலாம் அல்லவா? முதுகில் கத்தரியை வைக்கப் போனேன். வீட்டுக்காரர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்ததுக்கப்புறமா கத்தரிக்கற?" என்றார்.

அந்த மனுஷர் என்னிடம் குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. அப்போதும் உயர்த்தவில்லை. நான் கத்தரியைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் எழுந்து முயலை ஒரு கூடையில் படுக்க வைத்துத் துண்டால் மூடினேன். பரிசுக் கோப்பையை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அழுதுகொண்டே இதையும் செய்தேன்.

அவள் புதுப் புடவையில் வந்தாள். கையில் பெருநாள் பலகாரம் ஒரு தூக்கில், முயலுக்கென்று ஒரு கட்டு கொத்தமல்லி. பாய் வழக்கம்போல வாசலோடு போய்விட்டார். என் முகத்தைப் பார்த்ததுமே தூக்கைக் கீழே வைத்தாள்.

"என்னங்கக்கா?"

"காலைலதான் புள்ள. வயித்துல என்னவோ. நாலு நாளா நானும் பாக்காத வைத்தியமில்ல" என்றேன்.

அவள் அழவில்லை. கூடையைப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள், "முடி கத்தரிச்சீங்க இல்லீங்க்கா?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாழ்க்கையில் வாய்க்கவில்லை. நான், "கத்தரிச்சேன் புள்ள, கார்டுல எழுதினேனே" என்றேன்.

அவள் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துண்டை விலக்கினாள். கையை அதன் முதுகில் வைத்தாள். முடிக்குள் விரல் போயிற்று, உள்ளங்கை போயிற்று, வளையல் வரைக்கும் கை உள்ளே போய்விட்டது. அப்படியே வைத்திருந்தாள். நான் நின்ற இடத்தில் நின்றேன். அவள் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம். கையை எடுத்தாள், ஒட்டியிருந்த முடியைப் புடவையில் துடைக்காமல் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் கூடைக்குள் போட்டாள், துண்டை மூடினாள்.

என் வீட்டுக்காரர் சில்வர் ஓக் மரத்தடியில் குழி வெட்டினார். அவள் தன் கையாலேயே வைத்தாள். அப்புறம் எப்போதும் உட்காருகிற இடத்தில் மரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். காப்பி கொண்டுபோய் வைத்தேன், ஆறிப்போயிற்று. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கேட் திறக்கிற சத்தம் கேட்டதும்தான் வாயைத் திறந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவருகிட்டச் செத்துருச்சுன்னு சொல்லீராதீங்க. உங்களுக்குத்தான் இல்லாததச் சொல்ல வருமுங்களே."

பாய் உள்ளே வந்து, "முயலு எப்படிங்க டீச்சர் இருக்குது?" என்று கேட்டார். கொட்டகையில் என் சொந்த முயல் ஒன்று இருந்தது, இரண்டாம் பரிசு முயல். அதைக் காட்டி, "நல்லா இருக்குதுங்க பாய், பாருங்க" என்றேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் எளச்ச மாதிரி இருக்குது" என்றார். "கத்தரிச்சிருக்குதுங்க" என்றேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ஜூனில் வந்தாள். ஜூலையில் வந்தாள். ஆகஸ்டில் மழையோடு வந்தாள். பதினோரு மணிக்கு வந்து பின்பக்கம் உட்காருவாள், நாலு மணிக்கு எழுந்துபோவாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை, வீட்டிலிருந்தே ஒரு பாட்டிலில் கொண்டுவருவாள். என் முயலைத் தொட்டதும் இல்லை. நான் சமையலறை ஜன்னலில் நின்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மன்னித்துக்கொள் புள்ள என்று சொல்லத் தினமும் ஒத்திகை பார்ப்பேன், அவள் வந்தால் வாய் வராது. அவள் என்னைப் பார்க்க வரவில்லை, முயலைப் பார்க்கவும் வரவில்லை. அந்த ஐந்து மணி நேரம் மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. அதற்கு என் வீடு அவளுக்கு வேண்டியிருந்தது.

செப்டம்பரில் அவள் வரவில்லை. பாய் மட்டும் பழைய கடைப் பாக்கி வேலையாக மேலே வந்தவர், என் வீட்டு வாசலில் ஏறி நின்றார். நல்ல மனுஷர், சங்கடத்தோடு பேசினார்.

"அப்பாவுக்கு நொம்ப முடியலீங்க டீச்சர். இனி அவ மாசாமாசம் மலை ஏறறது தோதுப்படாதுங்க. பாவம், முயலுன்னா அவளுக்கு உசுரு. எங்கம்மாதான் சொல்லியுட்டாங்க, இனியும் உங்களுக்குச் செரமம் வேண்டாம், அத நல்லாப் பாத்துக்கற ஊடா பாத்து யாருக்காச்சும் குடுத்துருங்கன்னு."

"அவ என்னங்க சொன்னா?" என்று கேட்டேன்.

"டீச்சரக்கா நல்ல எடமாத்தான் பாத்துக் குடுப்பாங்கன்னா."

சரிங்க பாய், நல்ல வீடாகப் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.